வகுப்பின் நடுவே மறைந்துபோன பெயர்

பிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து இரண்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. 2007-இன் தொடக்கம். வெளியே விடாத மழை. சுவாவுக்கும் நௌசோரிக்கும் நடுவில் இருக்கிற நசினுவில், ஒரு மளிகைக் கடையின் மாடியில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஐந்தாம் ஃபாரம், அதாவது பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு இருபடிச் சமன்பாடு நடத்திக்கொண்டிருந்தேன்.

எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். என் கணவர் சாலை போடும் நிறுவனம் ஒன்றில் ஒப்பந்தத்தில் வந்த இன்ஜினீயர். நான் திருச்சிப் பக்கம் கணக்கு டீச்சராக இருந்தவள். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் வேலை தேடியபோது, அரசாங்கம் சோதனை முயற்சியாகத் தொடங்கியிருந்த இணையவழி உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தது. பள்ளி என்று பெயர்தான். இரண்டு அறை, நாலைந்து கம்ப்யூட்டர், நான், இன்னொருவர். அவ்வளவுதான் ஊழியர்கள்.

அந்த இன்னொருவர் எங்கள் வேன் ஓட்டுகிறவர். மாணவர் வீடுகளுக்குப் பழைய கம்ப்யூட்டர்களைக் கொண்டுபோய் இணைத்துக் கொடுப்பதும் அவர் வேலை. சபேட்டோ பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாகக் கரும்பு போட்ட தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய பிள்ளைகளுக்கு ஹிந்திதான் தெரியும். இவருக்கு மட்டும் அந்தக் காலத்து மதராஸ் பக்கத்துத் தமிழ் நாக்கில் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்தால் போதும், ஆசையாகப் பேசுவார். நான் அண்ணே என்று கூப்பிடுவேன்.

மாணவர் சேர்க்கையும் என் பொறுப்புதான். சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாதவர்கள் எங்களிடம் வருவார்கள். குத்தகை முடிந்து நிலத்தை விட்டு எழுந்துவந்த குடும்பத்துப் பிள்ளைகள், தூரத்துத் தீவில் இருப்பவர்கள், கலவரத்துக்குப் பயந்து பெற்றோர் வெளியே அனுப்பாத பெண்பிள்ளைகள், கல்யாணம் ஆகிப் படிப்பை விட்ட பெண்கள். சேரும்போது இனம் என்ன என்று எழுத வேண்டும். பூர்வகுடி, இந்தியர், மற்றவர். சுற்றுவட்டாரத்தில் பல பள்ளிகளில் ஏதாவது ஓர் இனம்தான் நிறைந்திருக்கும். எங்களிடம் எல்லாரும் கலந்திருந்தார்கள். மேலதிகாரிகளுக்கு அறிக்கை அனுப்பும்போது இதைத்தான் முதல் வரியில் எழுதுவேன். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமே இருந்தது.

ஆனால் புரட்சிக்குப் பிறகு அந்தக் கலவை கலைந்துகொண்டே வந்தது. இன்று ஒரு குடும்பம் ஆக்லாந்துக்கு, நாளை ஒரு குடும்பம் பிரிஸ்பேனுக்கு. போகிறவர்கள் பெரும்பாலும் இந்தியர்கள்தான். பதிவேட்டில் ஒவ்வொரு பெயராக நான்தான் அடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு வகுப்பில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். முகம் தெரியாது, குரல் கேட்காது. டெலிபோன் கம்பி வழியாக வரும் இணையம். தட்டச்சு செய்வது மட்டும்தான் வந்து விழும். திரையின் ஓரத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர்கள் வரிசையாகத் தெரியும்.

நௌசோரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற வுனிமோனோவில் இருந்து ஒரு பெண் படித்தாள். பதினாறு வயது. காய்கறி பயிரிடும் குடும்பம். அவர்களும் நியூசிலாந்துக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அப்பா அம்மா இருவரும் விசாவுக்கான மருத்துவப் பரிசோதனைக்காக சுவாவுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் அவளும் சின்னத் தங்கையும் மட்டும்.

நான் ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருந்தேன். அவளிடமிருந்து விடை வரவில்லை.

"மிஸ், கேட்டுக்கு வெளியே ஆட்கள் நிற்கிறார்கள்" என்று வந்தது.

யாரென்று கேட்டேன். தெரியாத பையன்கள், ஐந்தாறு பேர், குடித்திருக்கிறார்கள், ஒருத்தன் கையில் வெட்டுக்கத்தி இருக்கிறது, அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று துண்டு துண்டாக எழுதினாள். ஊரை விட்டுப் போகிற குடும்பம் மாட்டையும் சாமானையும் விற்றிருக்கும், வீட்டில் பணம் இருக்கும் என்று எல்லாருக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்த மாதங்களில் அப்படி இரண்டு மூன்று வீடுகளில் புகுந்திருந்தார்கள்.

கதவையெல்லாம் தாழ் போடச் சொன்னேன். போட்டுவிட்டேன் என்றாள். போலீசுக்குப் போன் செய்யச் சொல்லலாம் என்றால், அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு டெலிபோன் இணைப்பு. இணையத்தைத் துண்டித்தால்தான் போன் பேச முடியும். துண்டித்துவிட்டால் எனக்கு அவள் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாது. "நீ இணைப்பை விடாதே, போலீசை நான் கூப்பிடுகிறேன்" என்று எழுதினேன்.

எங்கள் அறையில் போனுக்குத் தனி இணைப்பு இருந்தது. பக்கத்துப் போலீஸ் நிலையத்தைப் பிடித்தேன். வண்டி சோதனைச் சாவடிக்குப் போயிருக்கிறது, திரும்பியதும் அனுப்புகிறோம் என்றார்கள். எப்போது திரும்பும் என்றதற்குப் பதில் இல்லை. அவள் அப்பாவின் மொபைலுக்கு அடித்தேன். அணைத்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குள் போகும்போது அணைக்கச் சொல்லியிருப்பார்கள்.

திரும்பித் திரையைப் பார்த்தேன்.

"மிஸ், நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது."

வேறு வழி தெரியாமல் வகுப்பு முழுவதற்கும் பொதுவாக எழுதினேன்: வுனிமோனோ பக்கம் யாராவது இருக்கிறீர்களா? இவள் வீட்டு வாசலில் பிரச்சினை.

ஒருத்தி பதில் போட்டாள். பூர்வகுடிப் பெண், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். படிப்பை முடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு எங்களிடம் சேர்ந்தவள். வுனிமோனோவை ஒட்டி ஆற்றோரத்தில் இருக்கும் ஒரு கிராமத்தில், சுகாதார நிலையத்துக் கம்ப்யூட்டரில் படிப்பாள். நான் அவளையும் நேரில் பார்த்ததில்லை.

"எந்த வீடு?" என்று கேட்டிருந்தாள்.

நான் யோசிப்பதற்குள் வுனிமோனோப் பெண்ணே எழுதிவிட்டாள்: "கோயிலுக்குப் பின்னால். பச்சைத் தகரக் கூரை."

"வீட்டில் பெரியவர்கள் யார்?"

"யாரும் இல்லை. நானும் தங்கையும்தான்."

அவ்வளவுதான். அடுத்த நொடி திரையின் ஓரத்தில் இருந்து அந்தக் கிராமத்துப் பெண்ணின் பெயர் மறைந்தது. சரி, வருகிறேன், பயப்படாதே, எதுவுமே சொல்லவில்லை. இணைப்பைத் துண்டித்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்குப் பின்னால் வந்து நின்று அண்ணனும் படித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொம்பள எந்த கோரோ, டீச்சரம்மா?" என்று கேட்டார். கோரோ என்றால் பூர்வகுடிகளின் கிராமம்.

சொன்னேன்.

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அரே, போச்சு. அந்தப் பசங்களும் அந்த கோரோதாம்மா. வேற எங்கேர்ந்து வருவானுங்க? ஊட்ல ஆள் இல்லேன்னு நீங்களே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடுச்சே."

"அப்படிப் பேசாதீங்கண்ணே."

"உனக்கு இன்னா தெரியும்? நீ நேத்து வந்தவ. ரெண்டாயிரத்துக் கலவரத்துல என் தங்கச்சி ஊட்ல பூந்தவன் எல்லாம் தினம் எங்ககூட உக்காந்து கிரோக் குடிச்சவன்தான்."

கிரோக் என்றால் அங்கே எல்லாரும் கூடி உட்கார்ந்து குடிக்கிற வேர்ச்சாறு. அவள் கணக்குகளைத் திருத்தியிருக்கிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல், அதனால் வீட்டுப்பாடம் முடிக்கவில்லை என்று அவள் மன்னிப்புக் கேட்டு எழுதியதெல்லாம் படித்திருக்கிறேன். நல்லவள் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் எதை வைத்து? எழுத்தை வைத்துத்தானே. அறிக்கையில் நான் பெருமையாக எழுதிய கலவைக்கு அந்த நிமிடம் என் மனசில் ஒரு மதிப்பும் இல்லை. அவள் கேட்ட அந்த இரண்டு கேள்விகளையே திரும்பத் திரும்பப் படித்தேன். எந்த வீடு? பெரியவர்கள் யார்? திருடன் கேட்கிற கேள்விகளும் அவைதானே.

வுனிமோனோப் பெண்ணிடமிருந்து மறுபடி வந்தது. "கேட்டைத் திறந்துவிட்டார்கள். தங்கை அழுகிறாள். மிஸ் நீங்கள் இருக்கிறீர்களா?"

"இருக்கிறேன். பின்னறைக்குப் போ" என்று எழுதினேன். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. அவள் பெயரும் மறைந்துவிட்டது. வீட்டு எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பார் இல்லை.

அண்ணன் ஏற்கெனவே வேன் சாவியைக் கையில் எடுத்திருந்தார். வாயில் ஆயிரம் பேசினாலும் மனுஷன் அப்படித்தான். செருப்பை மாட்டியும் மாட்டாமலும் மாடிப்படி இறங்கி ஓடினேன்.

நௌசோரிப் பாதையில் அன்றைக்கென்று நெரிசல். மினி பஸ்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. ரேவா ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் ராணுவச் சாவடி. மழைக்கோட்டு போட்ட சிப்பாய் ஒருவன் வேனை ஓரம் கட்டச் சொன்னான். சின்ன வயசுதான். பின்கதவைத் திறந்து பார்த்தான். உள்ளே, மாணவர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த பழைய மானிட்டர்கள். யாருடையது, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஆரம்பித்தான். அண்ணன் ஹிந்தியில் ஏதோ சொன்னார். அவன் நம்பவில்லை. எல்லாவற்றையும் கீழே இறக்கச் சொன்னான்.

நான் இறங்கி மழையில் நின்று, பிள்ளைகள் தனியாக இருக்கிறார்கள், வீட்டுக்குள் ஆட்கள் நுழைந்திருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் கெஞ்சினேன்.

அவன் என்னை உற்றுப் பார்த்தான். "எந்த வீடு?" என்றான்.

அதே கேள்வி. சொல்லலாமா? இவன் யார்? உதவிக்குக் கேட்கிறானா, வேறு எதற்காவது கேட்கிறானா? ஏற்கெனவே ஒருத்திக்கு விலாசம் தெரிந்துதானே இந்தக் கதி. வுனிமோனோ என்று ஊரை மட்டும் சொன்னேன். நான் மறைக்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். முகம் கடுத்தது. கையில் இருந்த வயர்லெஸ்ஸில் யாரிடமோ தன் மொழியில் பேசினான். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. பிறகு பின்கதவை அவனே படாரென்று சாத்திவிட்டு, போ என்று கை காட்டினான்.

பாலத்தைத் தாண்டினோம். வேன் கண்ணாடியைத் துடைக்கும் கம்பி மட்டும் கிறீச் கிறீச்சென்று ஆடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை அண்ணன், "முருகா" என்றார்.

கோயில் தெரிந்தது. அதன் பின்னால் பச்சைக் கூரை. கேட் விரியத் திறந்து கிடந்தது.

நான் வேன் நிற்பதற்கு முன்பே இறங்கிவிட்டேன். வாசலுக்கு ஓடினேன். முன் தாழ்வாரத்தில் கூட்டம். முதலில் எனக்குக் கால்கள்தான் தெரிந்தன. நனைந்த, சேறு அப்பிய, பெரிய பெரிய கால்கள். அப்புறம்தான் அவை பெண்களின் கால்கள் என்று புரிந்தது.

ஏழெட்டுப் பெண்கள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நடுவில் கூடை கூடையாக ஆற்றுச் சிப்பி. சொந்த வீட்டுத் தாழ்வாரம்போல் அதைக் கொட்டிப் பரப்பி, சின்னது பெரியது பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் என் மாணவி. தங்கைக்காரி ஒரு கிழவியின் மடியில் உட்கார்ந்து சிப்பியை எண்ணிக்கொண்டிருந்தாள். நாய், தூண்கள்மேல் நின்ற வீட்டுக்கு அடியில் இருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்தது.

ஒருத்தி எழுந்து வந்தாள். நல்ல உயரம். இடுப்பில் சுற்றிய சுலு முழங்கால் வரை நனைந்திருந்தது.

"மிஸ்?" என்றாள்.

நான் தலையாட்டினேன். வகுப்பில் அவளுக்கு என்ன பெயரோ அதைச் சொல்லிக் கூப்பிட்டேன். "இசா" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த ஊரில் பரிதாபத்துக்கும் பாசத்துக்கும் அந்த ஒரு சொல்தான்.

அவள் பேசியது ஹிந்தி. அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகள் பலருக்கு ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு. என்னைவிட நன்றாகப் பேசினாள். நடந்ததை அவள் சொல்ல, எனக்குப் புரியாத இடங்களை என் மாணவி சொன்னாள்.

இணைப்பைத் துண்டித்துவிட்டு அவள் நேரே ஆற்றங்கரைக்கு ஓடியிருக்கிறாள். பெண்கள் அப்போது தண்ணீரில் மூழ்கிச் சிப்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கரையில் நின்று கத்தியிருக்கிறாள். கூடையைக் கரையில் விட்டால் காணாமல் போகும் என்று அதையும் தூக்கிக்கொண்டு, தோட்டங்களுக்குள் குறுக்கே புகுந்து வந்திருக்கிறார்கள். பையன்கள் அப்போது முன்கதவை உதைத்துக்கொண்டிருந்தார்கள். கெட்ட நேரமாக அப்போது மின்சாரமும் போய், இருட்டில் இரண்டு பிள்ளைகளும் கட்டிலுக்கு அடியில் கிடந்திருக்கிறார்கள். என் போன் மணி அடித்தது கேட்டதாம். வெளியே வரத்தான் தைரியம் இல்லை.

இந்தப் பெண்கள் சண்டை போடவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். பையன்களை ஒதுக்கிவிட்டு நேரே படியேறிப் போய், கதவுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து கூடையைக் கொட்டியிருக்கிறார்கள். ஒரு கிழவி ஒவ்வொருத்தனையும் அவன் அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, நீ போய் விறகு கொண்டு வா, நீ தண்ணீர் கொண்டு வா என்று வேலை வைத்தாளாம். வெட்டுக்கத்தி வைத்திருந்தவனிடம், அந்தக் கத்தியைக் கொடு, சிப்பி பிளக்க வேண்டும் என்று கை நீட்டினாளாம். அவன் கொடுத்துவிட்டான். அது தாழ்வாரத்தில் கிடந்தது. நானே பார்த்தேன். ஒவ்வொருத்தனாகத் தலையைக் குனிந்துகொண்டு நழுவியிருக்கிறார்கள்.

"கடைசியாகப் போனவன் என் கணவரின் தம்பி" என்றாள் அவள். இதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது. மற்ற பெண்கள் சிப்பியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

எனக்கு ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. "வருகிறேன் என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே? நான் எவ்வளவு பயந்துவிட்டேன்" என்றேன். என்ன நினைத்துப் பயந்தேன் என்பதைச் சொல்லவில்லை.

அவள் சிரித்தாள். "மிஸ், நான் ஒரு விரலால்தான் டைப் அடிப்பேன். உங்களுக்குத் தெரியாதா? அதை அடிக்கிற நேரத்தில் பாதி தூரம் ஓடிவிட்டேன்."

அண்ணன் வேனை விட்டு இறங்கவே இல்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தக் கிழவி அவரைப் பார்த்து, என்ன மாமா, எங்களோடு உட்கார மாட்டாயா என்று ஹிந்தியில் அதட்டிய பிறகுதான் வந்தார். வந்தவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கீழே கிடந்த கத்தியை எடுத்து, அந்தப் பெண்களோடு உட்கார்ந்து சிப்பி பிளக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு ராணுவ ஜீப் வந்து கேட்டருகே நின்றது. சாவடியில் எங்களை நிறுத்திய அந்தச் சிப்பாய் சொல்லி அனுப்பியதாம். வுனிமோனோவில் வீடு வீடாக விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான் விலாசம் சொல்லியிருந்தால் எங்களுக்கு முன்பே வந்திருப்பார்கள்.

பெற்றோர் வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அம்மா அந்தப் பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர்கள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் அரிசியும் பருப்பும் கட்டிக் கொடுத்தாள். அப்பா உடைந்த கதவுத் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர்கள் தங்கிவிடுவார்கள் என்று எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. அப்படி நடக்கவில்லை. விசா வந்ததும் கிளம்பிவிட்டார்கள். அந்தப் பெயரையும் நான்தான் அடித்தேன்.

அந்தக் கிராமத்துப் பெண்ணுக்கு அன்றைய ஓட்டம் லேசில் தீரவில்லை. புருஷன் வீட்டார் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். அந்நிய வீட்டுக்காகச் சொந்தப் பையனை ஊர் நடுவில் அவமானப்படுத்தினாள் என்று பேச்சு. சுகாதார நிலையத்துக் கம்ப்யூட்டரிலும் அவளுக்கு இடமில்லாமல் போனது. பிள்ளைகளைத் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, பஸ் ஏறி நசினுவுக்கே வந்து எங்கள் மாடியில் உட்கார்ந்து படித்தாள். முதல் தடவை கணக்கில் தோற்றாள். அடுத்த தடவை தேறினாள். தேர்வு முடிவு வந்த அன்று அண்ணன்தான் வேனை எடுத்துக்கொண்டு போய் அவளுக்குச் சொல்லிவிட்டு வந்தார். அவள் கணவர் வாசல்வரை வந்து அவருக்குக் கை கொடுத்தாராம். கொழுந்தன் மட்டும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டானாம்.

அந்தப் பள்ளி ரொம்ப நாள் ஓடவில்லை. என் கணவரின் ஒப்பந்தமும் முடிந்து நாங்களும் ஊர் திரும்பிவிட்டோம். பிஜியில் இருந்தேன் என்றால் யாரும் முதலில் கேட்பது, அங்கே கலவரமெல்லாம் நடந்ததாமே, பயமாக இல்லையா என்பதுதான். பயமாகத்தான் இருந்தது என்பேன். ஆனால் எனக்குள்ளே கேட்டுக்கொண்டிருப்பது வேறு கேள்வி: என் வீட்டு ஆளே கத்தியோடு அந்தக் கதவுக்கு முன்னால் நின்றிருந்தால், முகம்கூடப் பார்த்திராத ஒரு பெண்ணுக்காக நான் மழையில் ஓடியிருப்பேனா? இத்தனை வருஷம் கழித்தும் நெஞ்சில் கை வைத்து ஆமாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடிகிற ஒருத்தி என் வகுப்பில் படித்தாள்.